பேப்பர் போட்டான் பேரன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, பத்திரிகை கொண்டுவருகிற பையன் தூறலைச் சாக்கிட்டு வராமற்போனதனால், ஒரு கையில் காப்பி டம்ளரும் மறு கையில் சூனியமுமாகச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, முந்தின நாள் உலகத்தில் என்ன நடந்தது என்று அறிய வகையற்ற ஒரு மனிதனுக்குரிய மனோநிலையில் நான் வாசற்கதவை வெறித்துக்கொண்டிருந்த சமயத்தில், எங்களோடு தங்கி வேலைக்குப் போய்வருகிற என் பெண்வயிற்றுப் பேரன், வாயில் பிரஷ்ஷும் கையில் செல்போனுமாகத் தன் அறையிலிருந்து வெளிப்பட்டு, "தாத்தா, பேப்பர் போட்டுட்டேன்" என்று தெரிவித்தான். எனக்கு உண்டான ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. இருபத்து நாலு வயசில் பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது, தாத்தா பத்திரிகை இல்லாமல் தவிப்பாரே என்று மழையையும் பாராமல் தெருக்கோடிக் கடைக்குப் போய் வாங்கிவந்து போட்டிருக்கிறான், இவனையா நேற்று ராத்திரி சோம்பேறி என்று மனசுக்குள் வைதோம் என்று நெஞ்சு இளகி, "எங்கேடா போட்டே? வாசல்லே காணோமே?" என்று கேட்டேன்.

"வாசல்லே இல்லே தாத்தா, கம்பெனியிலே. வேலையை விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அவன் வாய் கொப்பளிக்கப் போய்விட்டான்.

இதை நான் எழுதுகிற தினம் வெள்ளிக்கிழமை. மூன்று நாள் கழிந்தும் எனக்கு ஆறவில்லை. இது அவனுக்கு மூன்றாவது ராஜினாமா. முதல் கம்பெனியில் பதினோரு மாதம், இரண்டாவதில் பதினாலு மாதம், இதில் ஒன்பது மாதம். எங்கள் வீட்டு மிக்ஸிக்கு இரண்டு வருஷம் வாரண்டி கொடுத்திருக்கிறார்கள். ராஜினாமா என்ற விஷயத்தைக் குறித்து மிகமிக முக்கியமான கருத்து ஒன்று என் மனசில் வெகுநாளாக இருந்துவருகிறது. அதை வெளியிடும் பொருட்டே இப்போது பேனாவைக் கையில் எடுத்தேன். உரிய இடத்தில் சொல்கிறேன்.

எங்கள் தலைமுறைக்கு ராஜினாமா என்பது பத்திரிகையில் படிக்கிற சமாசாரமே ஒழியச் செய்கிற காரியம் அல்ல. 1956 நவம்பரில் அரியலூருக்குப் பக்கத்தில் நேர்ந்த ரயில் விபத்துக்குத் தார்மிகப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியைத் துறந்தபோது நான் தொட்டிலில் கிடந்தேன். ஆனாலும் என் தகப்பனார் அந்த ராஜினாமாவை நான் பத்தாவது வகுப்புக்கு வருகிறவரைக்கும் வாரம் ஒருமுறையாவது பிரஸ்தாபித்துக்கொண்டிருந்தபடியால், ஒருவன் வேலையை விடுவதென்றால் அதற்குமுன் குறைந்தபட்சம் ஒரு பாலமாவது இடிந்திருக்க வேண்டும் என்கிற அபிப்பிராயம் என் ரத்தத்தில் ஊறிப்போயிற்று. ஆகையால், முகம் துடைத்துக்கொண்டு வந்த பேரனிடம், அப்படி என்னடா இடிந்தது என்று விசாரித்தேன்.

"ஒண்ணும் இல்லே தாத்தா. மேனேஜரோட வைப் செட் ஆகலை."

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்த சப்தம் கேட்டது. என் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. "மேனேஜர் சம்சாரத்தோட உனக்கு என்னடா பேச்சு?" என்று நான் கேட்க, அவன் தலையில் அடித்துக்கொண்டு, வைஃப் வேறு வைப் வேறு என்றும், ஒரு மனிதர் பக்கத்தில் இருக்கும்போது நமக்குள் உண்டாகிற ஒருவித உணர்ச்சிக்கே வைப் என்று பெயர் என்றும் விளக்கினான். ஐந்தாறு அதிகாரிகளிடம் நான் முப்பத்தேழு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை, எதிரில் நின்றிருக்கிறேன். எனக்குள் உண்டான உணர்ச்சி எப்போதும் ஒன்றேதான். அந்த உணர்ச்சிக்காகத்தான் மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நாங்கள் பரிபூரணமாக நம்பியிருந்தோம். இவனோ மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன். நான் முதன்முதலில் பணியாற்றிய பிரிவின் அதிகாரிக்கு ஒரு பெயர் உண்டு என்பதே அவருடைய பிரிவுபசார விழா அழைப்பிதழை டைப் அடிக்கும்படி என்னிடம் கொடுத்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை அவர் ஏ.ஓ. அவ்வளவுதான்.

டைப் என்றதும் நினைவு வருகிறது. எங்களில் எவனும் பட்டம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உத்தியோகம் தேடவில்லை. மாடிப்படி ஏறிப் போக வேண்டிய ஏதாவதொரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், விசை அழுந்தாத ஒரு பழைய ரெமிங்டனின் முன் உட்கார்ந்து, ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று மாதக்கணக்கில் தட்டி, நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை வேகத்தில் லோயரும் நாற்பத்தைந்து வார்த்தை வேகத்தில் ஹையரும் தேறி, அந்தச் சர்டிபிகேட்டையும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதிந்த அட்டையை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறவாமல் புதுப்பித்து, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணைப் போல் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். எனக்கு ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் பரீட்சை எழுதி, நியமன உத்தரவு ரிஜிஸ்தர் தபாலில் வந்தது 1978-ல். அப்போது எனக்கு வயசு இருபத்து மூன்று. அந்தக் கவரை என் தாயார் பிரிக்காமலேயே சுவாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டாள். உத்தரவில் இருந்த தேதிக்குள் போய்ச் சேர வேண்டுமே என்று நான் பரிதவித்த பிறகுதான் கற்பூரம் காட்டி எடுத்துக் கொடுத்தாள். அரைக் காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம் அல்லவா? என் பேரனுக்கு வந்த மூன்று நியமன உத்தரவுகளும் செல்போனில் வந்தன. அவன் எழுதிய மூன்று ராஜினாமாக்களும் செல்போனிலேயே போயின. ஏகலைவன் குருவுக்குக் கட்டைவிரலைக் கொடுத்தான்; இவன் மேனேஜருக்கு இரண்டு கட்டைவிரலாலும் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டான்.

இந்த இடத்தில் நான் என் முதல் சம்பளத்தைச் சொல்லத் தொடங்கினேன். வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்களும் உங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டுதான் இருப்பீர்கள். வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். கேட்கிறவர்கள் எழுந்து தப்பிப் போகிற படியைத்தான் பெரியோர்கள் அவ்வாறு குறிப்பிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மற்றவர்களைப் போல் நான் வெறும் தொகையைச் சொல்லி நிறுத்துகிற வழக்கம் இல்லை. தொகையில் என்ன இருக்கிறது? கைக்கு வந்தது பஞ்சப்படி உட்பட நானூற்றுச் சொச்சம். விஷயம் அதில் இல்லை. விஷயம் ஸ்கேலில் இருக்கிறது.

ரூ. 260-6-290-இ.பி.-6-326-8-366-இ.பி.-8-390-10-400.

இதை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். மூன்றாவது சம்பளக் கமிஷன், 1973-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி தொட்டு, மத்திய சர்க்காரின் கீழ்நிலைக் குமாஸ்தாவுக்கு அருளிய சம்பள விகிதம் இது. ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், இ.பி. வருகிற இரண்டு இடங்களில் மட்டும் அரை மாத்திரை நிறுத்தலாம். நான் அதிகாலையில் குளித்துவிட்டு இதைச் சொல்லிப் பார்த்த காலம் உண்டு. பொருளையும் கேளுங்கள்: இருநூற்று அறுபதில் ஆரம்பம், வருஷத்துக்கு ஆறு ரூபாய் உயர்வு, ஐந்து வருஷத்தில் இருநூற்றுத் தொண்ணூறு. அங்கே ஒரு கேட்டுப் போட்டிருக்கும். அதற்குப் பெயர் எஃபிஷியன்சி பார், நாங்கள் இ.பி. என்போம். கேட்டைத் தாண்டினால் மீண்டும் ஆறு ஆறாக ஆறு வருஷம். முந்நூற்று இருபத்தாறுக்கு வந்ததும் சர்க்காருக்கு நம்மேல் கருணை சுரந்து, ஆறு எட்டாகும். எட்டு எட்டாக ஐந்து வருஷம் போனால் மறுபடி ஒரு கேட்டு. அதையும் தாண்டினால் மூன்று வருஷம் எட்டு. கடைசியாக ஒரே ஒரு வருஷம், சாகிறவனுக்குப் பால் ஊற்றுவதைப் போலப் பத்து. ஆக இருபது வருஷம். நூற்று நாற்பது ரூபாய். என் ஜாதகத்தைக் கணித்த ஜோசியர் நாற்பது வயசுக்குமேல் சரியாகத் தெரியவில்லை என்று கையை விரித்தார். நாற்பத்து மூன்றாவது வயசில் என் அடிப்படைச் சம்பளம் என்னவாக இருக்கும் என்று இருபத்து மூன்றாவது வயசிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. இந்த நிம்மதியை இன்றைக்கு எந்தக் கம்பெனி கொடுக்கும்?

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, தாலுகா ஆபீசில் இருந்த என் மாமனார், மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று அநாகரிகமாகக் கேட்கவில்லை. "ஸ்கேல் என்ன?" என்றுதான் கேட்டார். நான் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஆலாபனை கேட்கிற ரசிகரைப் போலத் தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். முதல் இ.பி.யில் அவர் முகத்தில் ஒரு சிறு கவலை தோன்றிற்று, எட்டு வந்தவுடன் மறைந்தது, இரண்டாவது இ.பி.யில் மறுபடியும் புருவம் நெரிந்தது; நானூறு என்று நான் முடித்ததும் கண்ணைத் திறந்து உள்ளே பார்த்து, "காப்பி கொண்டு வரச் சொல்லு" என்றார். அந்தக் காப்பியைக் கொண்டுவந்தவள்தான் இப்போது கரண்டியைக் கீழே போட்டவள்.

ஆறு ரூபாய் என்று எகத்தாளமாக நினைக்கக் கூடாது. ஆறு ரூபாய் என்றால் நானும் அவளும் பால்கனியில் ஒரு சினிமா. வருஷம் தோறும் இன்க்ரிமெண்ட் மாதத்தில் அப்படி ஒரு படம் பார்ப்பதை ஒரு விரதம்போல் அனுஷ்டித்துவந்தோம். இந்த ஆறு ரூபாயை நிறுத்திவிடுவோம் என்று சொல்லியே ஒரு சாம்ராஜ்யத்தை நடத்தினார்கள் என்றால் அதன் மகிமையை என்னவென்பது! நிறுத்துவதிலும் இரண்டு வகை உண்டு. கியூமுலேட்டிவ் எஃபெக்ட் இல்லாமல் நிறுத்தினால் ஒரு வருஷ நஷ்டத்தோடு போயிற்று. கியூமுலேட்டிவ் எஃபெக்டோடு நிறுத்தினாலோ அந்த ஆறு ரூபாய் ஆயுசு பரியந்தம், அதற்குப் பிறகு பென்ஷனிலும், அதற்கும் பிறகு விதவையின் குடும்ப பென்ஷனிலும் சேர்ந்து குறையும். எங்கள் பிரிவில் ஒருவருக்கு அவ்விதம் நின்றது. அவர் மத்தியான்ன வேளைகளில் ஒரு காகிதத்தில் அந்த ஆறை இருபத்தெட்டு வருஷத்துக்குப் பெருக்கி, பஞ்சப்படியையும் சேர்த்து, கூட்டுத்தொகையை எல்லோருக்கும் காட்டுவார். வருஷத்துக்கு ஒருமுறை புதுக் காகிதம் எடுப்பார்.

இனி, இ.பி. அந்தக் கேட்டைத் தாண்ட வேண்டுமானால் நம்முடைய ரகசியக் குறிப்பு, அதாவது சி.ஆர்., களங்கமற்றதாக இருக்க வேண்டும். ஒரு கமிட்டி அதைப் பார்த்து, இவன் ஆறு ரூபாய்க்குத் தகுந்தவன்தான் என்று தீர்மானிக்க வேண்டும். 1983-ல் நான் இருநூற்றுத் தொண்ணூறில் வந்து நின்றேன். அடுத்த உயர்வு வர வேண்டிய சமயத்தில் கமிட்டி கூடவில்லை. ஒருவர் லீவில் போயிருந்தார். இரண்டு மாத காலம், வைதரணி நதிக் கரையில் பசுவின் வாலுக்காகக் காத்திருக்கிற ஆத்மாவைப் போல் நான் அல்லாடியதை என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். அதாவது, முன்பெல்லாம் சொல்லுவாள். அதிகாரி தும்மினால் எனக்கு வியர்த்தது. முடிவில் ஒற்றை வரியில் உத்தரவு வந்தது: இன்னார் இ.பி.யைக் கடக்க அனுமதிக்கப்படுகிறார். பிரிவு முழுமைக்கும் ஸ்வீட், காரம், காப்பி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதத்து நிலுவை பன்னிரண்டு ரூபாய். ஓட்டல் பில் நாற்பது. அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. திறமைசாலி என்று இந்திய சர்க்கார் எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட பிறகு இருபத்தெட்டு ரூபாயைப் பார்க்கலாமா?

ஆனால் நானூறை நான் கண்ணால் பார்க்கவில்லை. நாலாவது கமிஷன் வந்து, 1986 ஜனவரி முதல், 950-20-1150-இ.பி.-25-1500 என்று மாற்றிவிட்டார்கள். சம்பளம் கூடிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன், அழகு போய்விட்டது. எட்டு வருஷம் பாடம் பண்ணிய பாட்டின் சரணத்தில் நிற்கிறவனை இழுத்து, ராகம், தாளம் எல்லாவற்றையும் மாற்றி முதலிலிருந்து பாடு என்றால் எப்படி இருக்கும்? ஐந்தாவது கமிஷனில் இ.பி.யையே எடுத்துவிட்டார்கள். ஆறாவதில் பே பேண்ட் என்றும் கிரேட் பே என்றும் ஏதோ சொல்லி, வருஷத்துக்கு மூன்று சதவீதம் என்று முடித்துவிட்டார்கள். மூன்று சதவீதத்தை யார் ராகம் போட்டுச் சொல்ல முடியும்?

இவ்விடத்துக்கு நான் வந்தபோது, என் மனைவி வாசலில் நின்று, "அந்தப் பிள்ளை குளிச்சு, டிபன் சாப்பிட்டு, கிளம்பிப் போய் அரை மணி ஆச்சு. நீங்க இன்னும் எந்த வருஷத்திலே இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டாயிரத்து ஆறு" என்றேன்.

அன்று சாயங்காலம் திருச்சியிலிருந்து என் பெண் போன் பண்ணினாள். "அப்பா, அவனை ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. அங்கே அவனுக்கு க்ரோத் இல்லையாம்." எங்கள் காலத்தில் க்ரோத் என்பது ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொல்லுகிற வார்த்தை. அது இல்லை என்று தெரிந்தால் கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணுவோம். இல்லையே என்று ஒருவன் வேலையை விட்டதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

இன்னொன்று. இவர்கள் சம்பளத்தை மாதக் கணக்கில் சொல்வதில்லை. வருஷக் கணக்கில், லட்சத்தில் சொல்லுகிறார்கள், அதற்கு சி.டி.சி. என்று நாமகரணம். இரண்டாவது கம்பெனியில் சேர்ந்தபோது அவன் கொண்டுவந்து காட்டிய காகிதத்தை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு, சிவப்புப் பென்சிலும் கையுமாக, முப்பத்தேழு வருஷத்து அனுபவத்தோடு பரிசோதித்தேன். அதில் கம்பெனி கட்டுகிற பிராவிடண்ட் பண்டையும் இவன் சம்பளம் என்று சேர்த்திருந்தார்கள், இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைச் சேர்த்திருந்தார்கள், போகட்டும். கிராஜுவிட்டி என்று ஒரு தொகையையும் சேர்த்திருந்தார்கள். சட்டப்படி, இவனைப் போன்ற நிரந்தர ஊழியன் ஒருவன் ஒரே இடத்தில் ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தால் அல்லவா, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பள வீதம், வேலையை விடும்போது கிராஜுவிட்டி கைக்கு வரும்? பதினாலு மாதத்துக்கு மேல் எங்கும் தரிக்காத ஒரு பிள்ளைக்கு அதைச் சம்பளம் என்று எழுதிக் கொடுக்கிறவர்களை என்ன சொல்வது? அதை வாங்கிச் சந்தோஷப்படுகிறவனை என்ன சொல்வது? "இது உனக்கு வராதுடா" என்றேன். "தெரியும் தாத்தா" என்றான். வராத பணத்தை வராது என்று தெரிந்தே தன் சம்பளத்தில் சேர்த்துச் சொல்லிக்கொள்ளும் தைரியம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ஆறு ரூபாயாக இருந்தாலும் வருகிற ஆறு ரூபாய்.

புதன்கிழமை இரவு, சாப்பாட்டின்போது, அவனுக்கு ஒரு வழி காட்டலாம் என்று, பேசாமல் சர்க்கார் பரீட்சை எழுது என்று உபதேசித்தேன். அவன் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, தொகுதி நாலு பரீட்சையில் சில ஆயிரம் இடங்களுக்கு எத்தனை லட்சம் பேர் எழுதுகிறார்கள் என்று தெரியுமா தாத்தா என்றான். தெரியும். எங்கள் தெருவிலேயே நாலு பேர் எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவர் இஞ்சினீயர். சரி, கிடைத்தால் பென்ஷன் உண்டே என்றேன். உங்கள் பென்ஷன் எங்களுக்கு இல்லை, 2004 ஜனவரி முதல் மத்திய சர்க்காரில் சேர்ந்தவர்களுக்கே அது கிடையாது, இங்கே மாநிலத்தில் அதற்கும் முன்னால், 2003 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்றான். தேதியெல்லாம் சரியாகச் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. பென்ஷனைப் பற்றி என்னிடம் தேதி சொல்ல இவன் யார்?

"இருந்தாலும் ஒரு விசுவாசம் வேண்டாமாடா? சோறு போட்ட இடம் இல்லையா?" என்று கேட்டேன்.

"தாத்தா, என் டீம்லே ஒருத்தர். பத்து வருஷம் அங்கேயே இருந்தவர். போன மாசம் காலையிலே ஒரு வீடியோ கால். ரெண்டு நிமிஷம். கால் முடியறதுக்குள்ளே லேப்டாப் லாக் ஆயிடுச்சு. அவருக்கு ஒரு பை மெயில்கூட அனுப்ப முடியலை. அவங்க என்னைத் தூக்க ரெண்டு நிமிஷம் போதும். நான் போறதுக்கு மட்டும் தொண்ணூறு நாள் நோட்டீஸ் கொடுக்கணும். யாருக்கு யார் விசுவாசம்?"

அவன் குரலை உயர்த்தவில்லை. ஊறுகாய் வேண்டும் என்று கேட்கிற குரலில்தான் சொன்னான். முப்பத்தேழு வருஷத்தில் நான் பயந்த பயங்களில் இந்த ஒரு பயம் இருந்ததில்லை என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. எங்களை வேலையை விட்டு அனுப்ப வேண்டுமானால் குற்றப்பத்திரிகை கொடுத்து, விசாரணை அதிகாரி போட்டு, சாட்சிகளைக் கூப்பிட்டு, அப்பீலும் முடிவதற்குள் அநேகமாக நாங்கள் ரிடையர் ஆகியிருப்போம். ஆனால் இதை அவனிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. "மோர் ஊத்திக்கோ" என்றேன்.

ஒரு பொறாமையும் இருக்கிறது, மறைப்பானேன்? எனக்கு முப்பத்தேழு வருஷத்துக்கு ஒரே ஒரு சம்பங்கி மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, வேனில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். கடிகாரம் அடுத்த வருஷமே நின்றுபோயிற்று. இவனுக்கு இருபத்து நாலு வயசுக்குள் இரண்டு முறை கேக் வெட்டியாகிவிட்டது. மூன்றாவது கேக் தொண்ணூறாவது நாள் வருகிறது.

நான் ராஜினாமாவே செய்ததில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1981 மே மாதம், அக்கினி நட்சத்திரத்தில், ஒரு சனிக்கிழமையன்று நான் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். எங்கள் பிரிவில் ஒரே ஒரு சீலிங் ஃபேன். அதன் நேர்க் கீழே இருக்கும் மேஜை சீனியாரிட்டி பிரகாரம் எனக்கு வர வேண்டியது. என்னைவிடப் பதினொரு நாள் ஜூனியரான ஒருவருக்கு, அவர் அதிகாரியின் ஊர்க்காரர் என்கிற ஒரே காரணத்துக்காக, அதைக் கொடுத்துவிட்டார்கள். பதினொரு நாள்! நான் ஒரு முழுத் தாளில், உடனடியாக விலகிக்கொள்வதாக எழுதி, ஹெட் கிளார்க் மேஜையில் வைத்துவிட்டு, நெஞ்சு படபடக்க என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். அவர் அதைப் படித்தார். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. பேனாவை எடுத்து மார்ஜினில் ஏதோ எழுதி, பியூன் மூலமாகத் திருப்பியனுப்பினார். மூன்று ஆட்சேபணைகள் இருந்தன. முதலாவது, கடிதம் உரிய வழியில் அனுப்பப்படவில்லை. இரண்டாவது, தற்காலிக ஊழியர் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாதலால் 'உடனடியாக' என்ற சொல் விதிக்கு முரணானது. மூன்றாவது, இரண்டு பிரதிகள் தேவை.

இரண்டாவது பிரதிக்குக் கார்பன் பேப்பர் வேண்டும். ஸ்டேஷனரி குமாஸ்தாவிடம் போனேன். அவர், கார்பன் பேப்பர் திங்கட்கிழமைதான் கொடுப்போம், இண்டெண்ட் எழுதிக் கொண்டு வா, என்ன உபயோகத்துக்கு என்று தெளிவாகக் குறிப்பிடு என்றார். உபயோகம்: ராஜினாமா. அப்படி எழுதிய இண்டெண்டில் ஹெட் கிளார்க் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை போனபோது, அந்த ஜூனியருக்கு ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளாமல் கழுத்துப் பிடித்துக்கொண்டு, தைலம் தடவிய கழுத்தோடு, அவராகவே தம் மேஜையை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். அதே இடத்தில் ஏழு வருஷம் உட்கார்ந்தேன்.

இந்த விருத்தாந்தத்தை நேற்றைக்கு அவனிடம் சொன்னேன். விதிகள் என்று இருந்ததால் ஒரு மனிதன் எப்படிக் காப்பாற்றப்பட்டான் என்பதை அவன் உணர வேண்டும் என்பது என் நோக்கம். அவன் முதல் தடவையாக, எழுந்து போகாமல், செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டு, "தாத்தா, உங்களுக்கும் வைப்தான் பிரச்னை" என்றான்.

ஃபேன் வேறு, வைப் வேறு. சீனியாரிட்டி என்பது விதி. வைப் என்பது என்ன விதி? இதை நான் அவனுக்கு விளக்கத் தொடங்குவதற்குள் அவனுக்கு ஒரு போன் வந்துவிட்டது. பெங்களூர்க் கம்பெனி ஒன்று. முப்பது சதவீதம் கூடத் தருகிறார்களாம். முப்பது சதவீதம்! என் ஸ்கேலில் 260 முப்பது சதவீதம் ஏறி 338-ஐத் தாண்டுவதற்குப் பதின்மூன்று வருஷம் பிடித்திருக்கும். அதற்கு நடுவில் ஒரு இ.பி. வேறு. சரி, அதை விடுங்கள். ராஜினாமாவைப் பற்றி நான் சொல்ல வந்த அந்த முக்கியமான கருத்து, இன்று காலை நடந்ததைச் சொன்னால்தான் நன்றாக விளங்கும்.

இன்றைக்கும் பத்திரிகை வரவில்லை. இன்று மழையும் இல்லை. செவ்வாய்க்கிழமை தொடங்கி நாலு நாள். குடையை எடுத்துக்கொண்டு, அதாவது கோபத்தில் குடையை எடுத்துக்கொண்டு, ஏஜெண்டின் கடைக்கே போய், மாதச் சந்தாவை முதல் தேதியன்றே கொடுக்கிறவன் வீட்டுக்கு ஏன் பத்திரிகை வரவில்லை என்று கேட்டேன். ஏஜெண்ட் கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பையன் நின்னுட்டான் சார். சாப்பாட்டு டெலிவரிக்குப் போயிட்டான். திங்கக்கிழமை ராத்திரி ஒரு மெசேஜ் போட்டான், அவ்வளவுதான். அங்கே ஏதோ நல்லா இருக்காம்" என்றார்.

அவருக்கு இப்போது உடனடியாக ஒரு ஆள் தேவைப்படுகிறது. காலை நாலரை மணிக்குக் கடைக்கு வந்துவிட வேண்டும். சொந்தமாகச் சைக்கிள் வைத்திருக்க வேண்டும். மடிப்பாக்கத்தில் ஐந்து தெரு. சம்பளம் மாதம் பிறந்தால் கையில். என் வீட்டில் ஒருவன் இருக்கிறான், ஆனால் அவன் எழுந்திருப்பது ஏழே முக்காலுக்கு. வாசகர்களில் யாருக்கேனும் தெரிந்த பையன் இருந்தால் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். இ.பி. கிடையாது.